சின்னாளப்பட்டியில் அடைமழை

அன்பு நண்பா,

இந்தக் கடிதத்தைக் கேரவன் வேனுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் தம்பி பேசுவதுகூடக் காதில் விழவில்லை.

இரவுக்குள் மதுரை சேர்ந்துவிடலாம் என்றுதான் திண்டுக்கல்லில் கிளம்பினோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை, வானம் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. நான்குவழிச் சாலையில் லாரி கடந்துபோனால் அது வாரியடிக்கும் தண்ணீரில் கண்ணாடி முழுக்க வெள்ளை. உயரமான வண்டி என்பதால் பக்கக்காற்று ஸ்டியரிங்கை இழுக்கிறது. நான்கு இண்டிகேட்டரையும் மின்னவிட்டபடி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர்கள் எந்தப் பக்கம் ஒதுங்கப் போகிறார்கள் என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போனால் போதும். முடியவில்லையா, சாலையை விட்டு இறங்கிவிட வேண்டும். நாங்கள் சின்னாளப்பட்டிக்குள் இறங்கிவிட்டோம்.

கிழக்கே சிறுமலை இருக்கிற இடமே தெரியவில்லை. ஊர்க்காரர்கள் முகத்தில் மட்டும் அவ்வளவு தெளிச்சி. தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலைகள் தடுத்துக்கொள்வதால் இந்தச் சமவெளி ஐப்பசி, கார்த்திகையைத்தான் நம்பியிருக்கிறது. ஆத்தூர் காமராசர் அணை நிரம்புமா என்பதுதான் டீக்கடையில் பேச்சு. திண்டுக்கல்லுக்குக் குடிதண்ணீர் தருகிற அணையாயிற்றே!

ஆனால் இது நெசவாளர் ஊர். குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தபோது மழையின் இன்னொரு பக்கம் தெரிந்தது. பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்தத் தெருவும் வெயிலும் வேண்டும். "இன்னிக்குப் பாவு போட முடியாது தம்பி, வெயில் வரட்டும்" என்றார் திண்ணையில் இருந்த பெரியவர். அவர் வீட்டுக்குள் குழித்தறி. காலை உள்ளே விட்டு உட்காரும் குழியின் ஓரத்தில் ஈரம் ஊறியிருந்தது. பக்கத்தில் சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். தறியில் பாதி நெய்த சேலை அப்படியே நின்றது. சுங்குடிச் சேலைக்கும் இதே கதிதான். துணியில் சிறுசிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பது பழைய முறை. அவிழ்த்தால் முடிச்சிருந்த இடமெல்லாம் புள்ளி. இப்போது அச்சுச் சுங்குடிதான் அதிகம். எதுவானாலும் சாயம் காயவும் கஞ்சி இறுகவும் வெயில் அடித்தாக வேண்டும். அடைமழை நாளில் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் கூலியும் இல்லை.

ஊருக்குப் பக்கத்திலேயே காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய நிறுவனம். கிராமத்துக் கைத்தொழில் கிராமத்திலேயே சோறு போட வேண்டும் என்று நினைத்தவர்கள். அந்த ஈரத் தறியைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அவர்களின் நினைப்பு எவ்வளவு நியாயமானது என்று தோன்றுகிறது.

இன்றிரவு இங்கேதான். புளியமரத்தடியும் ஓடைக்கரையும் வேண்டாமென்று மேடான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தியிருக்கிறோம். அடுப்புப் பற்றவைக்கும்போது மழைச்சாரல் அடித்தாலும் சன்னலைத் திறந்துதான் வைக்கிறோம். மூடிய வண்டிக்குள் கேஸ் எரிப்பது உயிருக்கு ஆபத்து. இரவுச் சாப்பாட்டோடு சிறுமலைப் பழம் இருக்கிறது. தோல் கறுத்தாலும் உள்ளே கெடாத பழம், வழிப்பயணத்துக்கு இதைவிட நல்லது கிடையாது.

தங்கச்சி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வேண்டும் என்றாயே, நேராக இங்கே வா. வெயில் வரட்டும் என்று காத்திருக்காதே. இவர்கள் கையில் காசு இல்லாமல் இருப்பது இந்த மழை மாதங்களில்தான்.

அன்புடன்,
உன் நண்பன்