வாப்பாவின் விரல்கள்

கல்முனையில் எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ் நிற்கும் நிஸான் சனி பி12, 1986ஆம் ஆண்டுத் தயாரிப்பு. வாப்பா ஹயருக்கு ஓடி எங்கள் நால்வரையும் படிப்பித்த கார். சீனி வியாதி அவரது பார்வையில் பாதிக்கு மேல் கொண்டுபோன பிறகு சாவி என் கைக்கு வந்தது. விற்றுவிடத்தான் நினைத்திருந்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய கார்களுக்குக் கிராக்கி ஏறியது. விலை கேட்டு வந்தவர்களை வாப்பா தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார்.

சென்ற வருடம், இடது பக்கம் முழுதாக ஒடித்துத் திருப்பினால் ‘டக் டக்’ என்றொரு சத்தம். பக்கத்து ஆசனத்திலிருந்த வாப்பா, “வலது சீவி ஜொயின்ட் மகன்” என்றார். திரும்புகையில் வெளிப்புறச் சில்லில்தான் பாரம் விழும் என்பது அவர் கணக்கு. குனிந்து பார்த்தேன். றப்பர் கிழிந்து, கிறீஸ் சிதறி, உள்ளே மணல்.

மச்சான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் புது ஜொயின்ட்டும் றப்பரும் வாங்கி பஸ்ஸில் போட்டுவிட்டான். போயா விடுமுறையன்று ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நான் ஸ்பனர் பிடிப்பேன் என்று வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. வாப்பா கதிரை போட்டு அமர்ந்துவிட்டார்.

சில்லு நிலத்தில் இருக்கும்போதே நடு நட்டை இளக்க வேண்டும். தூக்கிவிட்டால் சில்லு சுற்றுமே தவிர நட்டு அசையாது. ஸ்பனரில் நீளக் குழாயொன்றைச் செருகி, மேலேறி நின்ற பிறகுதான் அது இரங்கியது. ஜக்கை நம்பிக் கீழே படுக்காதே என்று உம்மா மூன்று தடவை வந்து சொன்னா. இரும்புத் தாங்கிகளை வைத்தேன். கியர் பொக்ஸ் ஒயிலை வடித்து, போல் ஜொயின்ட்டைக் கழற்றி, ஷாஃப்டை நெம்பி எடுக்கையில் ளுஹர் பாங்கு சொல்லிவிட்டது.

தொழுது வந்து, பழைய ஜொயின்ட்டைத் தட்டிக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினேன். ஆறு குண்டுகள், அவை ஓடும் ஆறு தடங்கள். என் கண்ணுக்கு எல்லாம் பளபளப்பாகவே இருந்தன. “இதுல என்ன பழுது?” என்றேன்.

“எங்க, கையில தா.”

வாப்பா தடங்களில் சுண்டுவிரலை ஓட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் விரல் நின்றது. என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். அரிசிமணி அளவுப் பள்ளம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது.

புதியதில் கிறீஸை அடைத்து, ஷாஃப்டில் பொருத்தி, சுத்தியலை ஓங்கினேன்.

“றப்பரப் போட்டியா?”

போடவில்லை. அது கதிரையின் அடியில் கிடந்தது. முதலில் அதை ஷாஃப்டில் ஏற்றாமல் ஜொயின்ட்டை அடித்திருந்தால், மறுபடியும் முழுவதையும் கழற்றவேண்டி வந்திருக்கும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாரனில் கையைத் துடைத்துக்கொண்டார்.

அஸருக்குப் பிறகு மைதானத்தில் ஓட்டிப் பார்த்தோம். இடது பக்கம் வட்டமடித்தேன். சத்தமே இல்லை.

“மற்றப் பக்கம் ஒடி.”

ஒடித்தேன். மெல்லியதாக, டக்.

“அதுவும் துவங்கிட்டுது” என்றார் வாப்பா, சந்தோசத்தை மறைக்கத் தெரியாமல். “அடுத்த போயாவுக்கு வைப்பமா மகன்?”

மச்சானுக்கு அன்றிரவே போன் பண்ணினேன்.