முறித்துப் பார்க்கும் பட்டறை

ஜப்பானிய பாணி வாள்களின் உறுதியைச் சோதிப்பதை நேரில் பார்க்கச் சீனாவுக்குப் போகிறேன் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். கட்டானா என்றால் ஜப்பான் அல்லவா என்று கேட்டார்கள். ஜப்பானுக்கு வெளியே பயிற்சிக்கூடங்களில் வெட்டிப் பழகுவதற்கென்று விற்கும் வாள்களில் பெரும்பங்கு இன்று சீனப் பட்டறைகளிலிருந்துதான் வருகிறது. அதிலும் செஜியாங் மாகாணத்தின் தென்மேற்கில், மலைகளுக்கு நடுவில் இருக்கும் லோங்ச்சுவான் ஊருக்குத் தனி இடம் உண்டு.

இதற்கு ஜப்பானியச் சட்டமும் ஒரு காரணம். அங்கே வாள் அடிக்க விரும்புகிறவர் உரிமம் பெற்ற கொல்லரிடம் 5 ஆண்டுகள் தொழில் பழகி, அரசின் பண்பாட்டு முகமை வைக்கும் பயிற்சியில் தேற வேண்டும். தேறினாலும் மாதத்துக்கு 2 நீள வாள்களுக்கு மேல் செய்யக் கூடாது. ஒவ்வொன்றும் கலைப்பொருளாகப் பதிவாகும். விலை நம் பணத்தில் பல லட்சம். அப்படி ஒன்றை வைஸில் மாட்டி வளைத்துப் பார்க்க யாருக்குத்தான் மனம் வரும்? லோங்ச்சுவானில் அந்தத் தயக்கம் இல்லை. வாளை முறிப்பதும் அங்கே வேலையின் ஒரு பகுதி.

ஊரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓ யேஸி என்ற பழங்காலக் கொல்லர் இங்கேதான் வாள் அடித்தார் என்பது ஊரின் தொன்மக் கதை. பச்சை மெருகுப் பீங்கானுக்கும் பேர் போன இடம். லோங்ச்சுவான் வாள் அடிக்கும் முறையைச் சீன அரசு 2006-இல் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கடைத்தெரு முழுக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் வாள்கள். அங்கே பார்க்க அழகு உண்டு, தெரிந்துகொள்ள அதிகமில்லை. பட்டறைகள் பின் தெருக்களில் இருக்கின்றன.

நான் போன பட்டறையின் முற்றத்தில் முதலில் கண்ணில் பட்டது உடைந்த வாள்களின் குவியல். ஒவ்வொரு துண்டிலும் சுண்ணக்கட்டியால் ஏதோ எழுதியிருந்தது. எந்த எஃகு, எந்தத் தொகுப்பு, எந்தச் சோதனையில் முறிந்தது என்ற குறிப்பு அது என்றான் எனக்கு மொழிபெயர்க்க வந்த உள்ளூர் மாணவன். பட்டறையின் மூத்த கொல்லரை எல்லாரும் 'ஷிஃபு' என்றே கூப்பிட்டார்கள். தொழில் கற்றுத்தரும் பெரியவருக்கு அங்கே அதுதான் மரியாதை. நானும் அப்படியே கூப்பிட்டேன். குவியலை நான் நோட்டம் விடுவதைப் பார்த்து, "கடையில் இருப்பதெல்லாம் நாங்கள் சொல்ல விரும்புவது. இங்கே கிடப்பது எஃகு சொன்னது" என்றார். பல பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாசகமாக இருக்கலாம். ஆனாலும் பொய்யில்லை.

எஃகின் பெயர்கள் வெறும் எண்கள். 1045, 1060, 1095 என்ற வரிசையில் கடைசி இரண்டு இலக்கம் கரிமத்தின் அளவைக் காட்டும். 1060 என்றால் சுமார் 0.6 சதவீதம். டி10 என்பது ஏறக்குறைய 1 சதவீதம் கரிமம் உள்ள சீனக் கருவி எஃகு. 9260-இல் 2 சதவீதத்தை ஒட்டி சிலிக்கன் உண்டு, அது வில்லெஃகு. கரிமம் கூடினால் வாய் கடினமாகும், தீட்டிய கூர் நிற்கும், கூடவே முறியும் குணமும் ஏறும். துருப்பிடிக்காத எஃகில் செய்து சுவரில் மாட்டும் வாள்கள் இந்தக் கணக்கிலேயே வராது. பிடிக்குள் ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்து முடித்திருப்பார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி விற்பனை நிகழ்ச்சி ஒன்றில் அப்படிப்பட்ட வாளை மேசையில் தட்டி உறுதியைக் காட்டப்போய், முனை முறிந்து தெறித்துக் காட்டியவரையே காயப்படுத்தியது. அந்தக் காட்சியை இன்றும் பலர் சிரித்துக்கொண்டே பார்க்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோய்ச்சல் அறையின் சன்னல்களைத் துணியால் மூடியிருந்தார்கள். காய்ந்த எஃகின் நிறத்தைக் கண்ணால் கணிக்க இருட்டு வேண்டும். களிமண், கரித்தூள், கல்தூள் குழைத்த சாந்தை வாளின் முதுகில் கனமாகவும் வாய்ப்பக்கம் மெலிதாகவும் பூசிக் காயவைத்திருந்தார்கள். நம் ஊர்க் கொல்லர் அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் தோய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் நோக்கம் சட்டென்று விளங்கும்: வாய் வேகமாகக் குளிர்ந்து இறுக வேண்டும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளக்கமாக நிற்க வேண்டும். 800 டிகிரி செல்சியஸை ஒட்டிக் காய்ந்ததும் ஷிஃபு வாளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார். முதலில் வாள் கீழ்நோக்கி வளைகிறது. அடுத்த நொடிகளில் இறுகும் வாய்ப்பக்கம் பருமன் கூடி, முதுகுப் பக்கமாகத் திரும்பி வளைகிறது. கட்டானாவின் வளைவில் பெரும்பகுதி இந்தத் தொட்டிக்குள் உண்டாவதுதான்.

அறையில் யாரும் பேசவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். தண்ணீருக்குள்ளிருந்து சின்னதாக ஒரு 'டிங்' வந்தால் விரிசல் விழுந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கு ஒன்றில் வந்தது. ஷிஃபு முகம் சுளிக்காமல் அதைக் குவியல் பக்கம் தள்ளி வைத்தார்.

சத்தம் போடாத விரிசல்தான் ஆபத்து. அதைக் கண்டுபிடிக்க ஓர் அம்மாள் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. வாளில் மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டார். பிறகு உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, சுண்ணப்பொடியை வாயோரம் மெல்லப் பூசினார். வாள் முழுக்க வெள்ளை. கொஞ்ச நேரத்தில் ஓரிடத்தில் மட்டும் தலைமுடி அகலத்துக்கு ஈரக்கோடு ஒன்று எழுந்து வந்தது. விரிசலுக்குள் புகுந்திருந்த எண்ணெய் கசிந்து பொடியில் கோடு போட்டுவிட்டது. என் கண்ணாடியை எத்தனை முறை துடைத்துப் பார்த்திருந்தாலும் அந்த விரிசல் எனக்குத் தெரிந்திருக்காது.

கடினத்தன்மை பார்க்க ராக்வெல் கருவி இருந்தது. கூம்பு வடிவ வைரமுனையை 150 கிலோ எடை கொடுத்து எஃகில் அழுத்தி, பள்ளத்தின் ஆழத்தை எண்ணாக்குவார்கள். களிமண் பூசித் தோய்த்த வாளின் வாயில் 58 முதல் 60 வரை, முதுகில் 40-ஐ ஒட்டி. முழுவதும் ஒரே பதமாக வைத்த வில்லெஃகு வாளில் எங்கே அழுத்தினாலும் 50-க்குப் பக்கம். விளம்பரங்களில் இந்த எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். கடினத்தன்மை எண்ணிலிருந்து வாள் எத்தனை காலம் உழைக்கும் என்று சொல்லிவிட முடியாது. தோய்த்த பிறகு மறுபடி இளஞ்சூட்டில் வைத்து இறுக்கத்தைத் தணிக்கிறார்களே, அதைக் கவனமாகச் செய்தார்களா என்பது இந்த எண்ணில் முழுசாகத் தெரியாது.

வளைத்துப் பார்த்தால் தெரியும். 9260 வாளின் முனையை மரக்கட்டை வைத்து வைஸில் இறுக்கி, பிடியைப் பற்றி ஒரு பையன் பக்கவாட்டில் இழுத்தான். நன்றாக வளைந்து, விட்டதும் நேரானது. டி10 வாள் கொஞ்ச தூரம்வரை திரும்பியது. அதற்கு மேல் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிட்டது. எது மேல் என்று ஷிஃபுவைக் கேட்டேன். "புதிதாகப் பழகுகிறவர் தப்பாகத்தான் வெட்டுவார், அவருக்கு முதல் வாள். கை தேர்ந்தவருக்கு இரண்டாவது. வளைந்ததை நான் நிமிர்த்தித் தருவேன். முறிந்ததை என்ன செய்ய?" என்றார்.

நிமிர்த்தும் வேலையையும் அங்கேயே பார்த்தேன். வெட்டுவாய் போட்ட மரக்கட்டைக்குள் வாளை நுழைத்து, உடம்பு எடையைக் கொஞ்சமாக இறக்கி, எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் முதுகின் நீளத்துக்கும் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார்கள். மறுபடி கட்டை, மறுபடி வெளிச்சம். இதற்கென்று அளவுகோல் எதுவும் இல்லை.

வெட்டுச் சோதனைக்கு ஜப்பானிய தத்தாமிப் பாய்களைச் சுருட்டி, தண்ணீரில் ஊறவைத்து, மர முளையில் குத்தி நிறுத்துகிறார்கள். நடுவில் பச்சை மூங்கில் வைப்பதும் உண்டு. பாய் சதைக்கும் மூங்கில் எலும்புக்கும் ஈடு என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. வெட்டிய இளைஞனின் கை அசாத்தியமாக நிதானமானது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாயின் போக்கும் வீச்சின் போக்கும் ஒரே கோட்டில் இருந்தால் சுமாரான வாளும் பாயை வழுக்கிக்கொண்டு கடக்கும். கோணம் கொஞ்சம் பிசகினால் உயர்ந்த வாளும் பாய்க்குள் பக்கவாட்டு விசை பட்டு வளையும். அதனால் வெட்டுச் சோதனையில் பாதி வெட்டுகிறவனுக்கான பரீட்சை. இணையத்தில் எண்ணெய்ப் பீப்பாயை வெட்டிக் காட்டும் காணொளிகளை நான் இதனால்தான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பீப்பாய்த் தகடு மெல்லிய மென்னிரும்பு. அதை வெட்டும் வீச்சு படம் எடுக்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

முறிக்கும் சோதனைக்கு எங்களைக் கம்பி வலைக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். வாளின் முதுகைக் கெட்டி மரத்தின் விளிம்பில் ஓங்கி அடிப்பது அது. வாயால் அடித்தால் வாய்ப்பக்கம் நெருக்குண்ணும். முதுகால் அடித்தால் வாள் முதுகுப் பக்கம் வளைந்து, இறுகிய வாய்ப்பகுதி இழுபடும். கடினமான எஃகுக்கு இழுபடுவது ஆகாது. கழித்து வைத்த வாள் ஒன்று சில அடிகளில் இரண்டானது. ஷிஃபு முறிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். மணிகள் பெரிது பெரிதாக மின்னினால் உலையில் அளவுக்கு மேல் காய்ந்த எஃகு. சாம்பல் நிறத்தில் நைசாக, மினுக்கம் இல்லாமல் இருந்தால் நல்ல பதம். இது மின்னியது. உலை வேலை பார்த்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். யாரும் திட்டவில்லை.

இந்த வகைச் சோதனை புதிதல்ல. 1853-இல் ஜப்பானின் மட்சுஷிரோ ஆட்சிப்பகுதியில் படைக்கலக் கிடங்குக்கு வாள் வாங்குவதற்காகக் கடும் சோதனை ஒன்று நடத்தினார்கள். வைக்கோல் கட்டில் தொடங்கி இரும்பு வரைக்கும் வெட்டி, கடைசியில் இரும்புத் தடியால் வாளையே அடித்துப் பார்த்தார்கள். எடோவில் (இன்றைய டோக்கியோ) பெரும்புகழ் பெற்றிருந்த தாய்க்கெய் நவோதானேயின் வாள் தாங்கவில்லை. உள்ளூர்க் கொல்லர் யாமாவுரா சநேவோவின் வாள் அடுத்தடுத்த அடிகளைத் தாங்கி நின்று பேர் வாங்கியது. பெயருக்காக வாங்காமல் அடித்துப் பார்த்து வாங்கிய அந்த அதிகாரிகள் மீது எனக்கு மரியாதை உண்டு. அதே காலத்தில் எடோவின் யமதா அசாயெமோன் குடும்பம் மரண தண்டனை பெற்றவர்களின் உடல்மேல் வாளைச் சோதித்து, முடிவைப் பிடிக்குள் மறையும் வாளின் அடித்தண்டில் பொறிக்கச் செய்ததையும் வரலாறு வைத்திருக்கிறது. அதை அறிவுக்கு எடுத்துக்கொள்ளலாம், வியப்புக்கு அல்ல.

பட்டறையில் நான் அதிக நேரம் உட்கார்ந்தது பிடி கட்டும் பெண்களோடு. வாங்குகிறவர்கள் யாரும் இந்த அறையைப் பார்க்கக் கேட்பதில்லை என்று அவர்களில் மூத்தவர் சொன்னார். கேட்க வேண்டும். நருசே கான்ஜி என்ற ஜப்பானியர் சீனப் போர்முனையில் ராணுவ அதிகாரிகளின் வாள்களைப் பழுது பார்த்த அனுபவத்தை 1940-இல் நூலாக வெளியிட்டார். அவர் கைக்கு வந்தவற்றில் சேதம் பெரும்பாலும் அலகில் இல்லை, பிடியில்தான் இருந்தது.

மரத்தை இரண்டு பாதியாகச் செதுக்கி, அலகின் அடித்தண்டு இம்மியும் ஆடாதபடி உள்ளே குடைந்து ஒட்டுவது நல்ல முறை. மலிவு வாள்களில் பெரிய துளை போட்டுச் சிராய் செருகி இறுக்கிவிடுவார்கள். திருக்கை மீன்தோல் போர்த்தி, பருத்தி நாடாவை மாற்றி மாற்றித் திருகிக் கட்டும்போது, ஒவ்வொரு திருகலுக்கு அடியிலும் மடித்த காகித முக்கோணம் ஒன்றை வைக்கிறார்கள். நாடா நழுவாமல் இருப்பது அதனால்தான். முடிந்ததும் அந்த மூத்த பெண் வாளை உறையிலிருந்து உருவி, நிமிர்த்திப் பிடித்து, பிடியின் அடியில் முஷ்டியால் குத்திக் காது கொடுத்தார். லொடலொட என்று கைக்காப்பு பேசினால் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும்.

இத்தனையையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு மூங்கில் ஆணி. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள எஃகு வீச்சில் பறந்துவிடாமல் நிற்பது பெரும்பாலும் அதன் பொறுப்பு. முற்றிய மூங்கிலின் வெளிப்பட்டையில் சீவினால் நார் நீளமாக ஓடும். நசுங்கினாலும் சட்டென்று துண்டாகாது. கழற்றி வைத்திருந்த ஆணிகளில் சிலவற்றின் நடுவில் அடித்தண்டின் துளை விளிம்பு பதிந்த பள்ளம் இருந்தது. துளை சரியாக உட்காரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

வெட்டிப் பழக வாள் வாங்க நினைப்பவர்களுக்கு என் தீர்ப்பு இது. 9260-ஆ டி10-ஆ என்ற வாதத்தில் நேரத்தைக் கழிக்க வேண்டாம்; இரண்டுமே தோய்ச்சல் ஒழுங்காக இருந்தால் போதுமான அளவு உழைக்கும். விற்பவரிடம் பிடியைக் கழற்றி அடித்தண்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் ஆணியைத் தட்டி எடுத்துப் பாருங்கள். சற்று நசுங்கியிருந்தாலும் அன்றைக்கு வாளை வீச வேண்டாம்; புதிதாக ஓர் ஆணி சீவ அரை மணி நேரம்கூட ஆகாது.