பற்றலும் விடுதலும்

தேய்தல் உலகியற்கை. உளி தேய்கிறது, அம்மி தேய்கிறது, அன்றாடம் மிதிபடும் வாயிற்படியும் நடுவே குழிகிறது. சந்தனக்கட்டை தேய்ந்தால் மணம் பிறக்கிறது; சாணைக்கல் தேய்ந்தால் கத்தி கூர்மை பெறுகிறது. இவை தேய்வதற்கென்றே அமைந்த பொருள்கள். ஆதலின், இவற்றின் தேய்வை எவரும் குறை என்று கூறார். ஆனால், தேய வேண்டிய காலத்திற்கு முன்னரே ஒரு பொருள் தேய்ந்துபோமாயின், 'இஃது ஏன் நிகழ்ந்தது?' என்று வினவுதல் அறிவுடையார் செயலாகும். அவ்வினாவின் பயனை எங்கள் இல்லத்துக் கார் எனக்கு நன்கு விளக்கிற்று.

மாணவர்களே! காரை நிறுத்தும் கருவியாகிய பிரேக்கின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். சக்கரத்தோடு உடன் சுழலும் இரும்புத் தட்டு ஒன்று உண்டு. அதனை 'டிஸ்க்' என்பர். அத்தட்டின் இருபுறத்தும் 'பேட்' எனப்படும் கட்டைகள் இரண்டு நிற்கின்றன. ஓட்டுநர் காலால் மிதியை அழுத்துங்கால், குழாய்களில் நிறைந்துள்ள பிரேக் எண்ணெய் அவ்வழுத்தத்தைச் சக்கரத்தின் அருகே கொண்டு சேர்க்கிறது. அங்குள்ள பிஸ்டன் கட்டைகளை நெருக்க, அவை தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கின்றன. உராய்வினால் வேகம் தணிகிறது. இம்முறைக்கு இங்கிலாந்து நாட்டுப் பொறியறிஞர் பிரெடரிக் லான்செஸ்டர் 1902-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1953-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லெமான்ஸ் நகரில் நிகழ்ந்த 24 மணி நேரப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பூண்ட ஜாகுவார் கார் வெற்றி பெற்றது. அதன் பின்னர் இம்முறையின் சிறப்பை உலகம் நன்குணர்ந்தது.

ஓடும் வண்டியின் ஆற்றல், வண்டி நின்றதும் எங்கே போகிறது? அஃது அழிந்தொழிவதில்லை, வெப்பமாக மாறுகிறது. 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அதனிடத்து இயங்கும் ஆற்றல் 2 இலட்சம் ஜூல் ஆகும். ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஏறத்தாழ 48 பாகை செல்சியஸ் உயர்த்துதற்கு அது போதும். வேகம் இருமடங்கானால், பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். இத்துணை வெப்பத்தையும் பெரும்பாலும் தாங்குவன கையகலக் கட்டைகளும் அவை பற்றும் தட்டுகளுமே என்பதை எண்ணுங்கால் வியப்புத் தோன்றுகிறது.

பற்றுதல் மட்டுமே பிரேக்கின் கடமை என்று பலரும் கருதுவர். விடுதலும் அதன் கடமையே. மிதியிலிருந்து காலை எடுத்ததும் கட்டைகள் தம் பிடியைத் தளர்த்துதல் வேண்டும். இதன்பொருட்டுப் பிஸ்டனைச் சுற்றி ரப்பர் வளையம் ஒன்று அமைந்துள்ளது. பிஸ்டன் முன்செல்லும்போது வளைந்துகொடுக்கும் அவ்வளையம், அழுத்தம் நீங்கியதும் தன் பழைய நிலைக்குத் திரும்பிப் பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கிறது. அம்மயிரிழை அளவு விடுதலையே சக்கரத்தைத் தடையின்றி உருளச் செய்கிறது.

இனி, எங்கள் காரின் செய்திக்கு வருவோம். என் மகன் வாங்கிய அக்காரில் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் உண்டு. கடலோர ஊராகிய நாகப்பட்டினத்தில் நாங்கள் அதனை வைத்திருந்தோம். ஒருநாள் பின்புறத்திலிருந்து 'கீச்' என்னும் ஒலி எழுந்தது. கட்டை மெலிந்துவிட்டதை அறிவிப்பதற்காகவே மெல்லிய உலோகத் தகடு ஒன்று அதனுடன் பொருத்தப்பட்டிருக்கும். அத்தகடு தட்டில் உரசிக் கூவும் ஒலி அது. பழுதுபார்க்கும் நிலையம் ஒன்றிற்குக் காரைக் கொண்டுசென்றோம். அங்கிருந்தோர் பின்சக்கரங்களுக்குப் புதிய கட்டைகளைப் பொருத்திப் பணம் பெற்று அனுப்பினர். பல பதினாயிரம் கிலோமீட்டர் உழைக்க வேண்டிய கட்டைகள், 9,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் மீண்டும் கூவத் தொடங்கின. "கடற்கரை ஊரில் இப்படித்தான் தேயும், மறுபடியும் மாற்றிக்கொள்ளுங்கள்" என்பதே அந்நிலையத்தார் தந்த விடை.

அவ்விடை எனக்கு நிறைவு அளிக்கவில்லை. முன்சக்கரங்களும் அதே கடற்காற்றில்தானே இயங்குகின்றன? அவற்றின் கட்டைகள் நன்றாயிருக்கப் பின்கட்டைகள் மட்டும் ஏன் தேய வேண்டும்? மேலும், அக்கோடை விடுமுறையில் பேரக்குழந்தைகளை அழைத்துக்கொண்டு கொடைக்கானல் மலைக்குச் செல்வதாக இருந்தோம். ஆதலால், காரணம் தெரியாமல் மலையேறுதல் தகாது என்று மகனிடம் கூறினேன். பேருந்து நிலையத்தின் அருகே சிறு பட்டறை நடத்தும் மெக்கானிக் ஒருவரிடம் காரைக் காட்டினோம்.

அவர் கூறியது இன்றும் என் நினைவில் உள்ளது: "ஐயா, பேட் மாற்ற அரை மணி நேரம் போதும். ஆனால், அது ஏன் தேய்ந்தது என்று பாராமல் மாற்றினால், மாற்றியதும் தேயும்."

அவர் நான்கு சக்கரங்களையும் கழற்றிக் கட்டைகளை அளந்தார். புதிய கட்டையின் கனம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் அளவிற்கு மெலிந்தால் மாற்றிவிடுதல் நன்று. வலப் பின்சக்கரத்தில் 8 மில்லிமீட்டர் இருந்தது. இடப் பின்சக்கரத்திலோ 2 மில்லிமீட்டரே எஞ்சியிருந்தது.

"தம்பி, பின்சக்கரத்துக் கட்டைகள் முந்தித் தேய்வது இயல்புதானா?" என்று வினவினேன்.

அவர் விளக்கினார். ஓடும் பேருந்து திடுமென நின்றால் உள்ளே நிற்போர் முன்னோக்கிச் சாய்கின்றனர் அல்லரோ? அவ்வாறே காரின் பாரமும் முன்சக்கரங்களின் மேல் சாய்கிறது. ஆகவே, முன்பிரேக்கே பெரும்பங்கு உழைக்கிறது. பெரும்பாலும் முன்கட்டைகளே முதலில் தேய்கின்றன. இக்காலத்துக் கார்கள் சிலவற்றில், வண்டி நிலைதடுமாறாதிருக்கும்பொருட்டு மின்னணுக் கருவி பின்பிரேக்கிற்கும் மிகுதியான வேலை தருவதால், பின்கட்டைகள் முந்தித் தேய்தலும் உண்டு. ஆயினும், இடமும் வலமும் ஏறத்தாழ ஒத்துத் தேய்தலே முறை. ஒருபுறம் மட்டும் தேயுமாயின், அங்கே நோய் உண்டு என்பது தெளிவு.

பின்னர் அவர் காரின் பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, கைப்பிரேக்கை விடுவித்துவிட்டு, சக்கரங்களைக் கையால் சுழற்றினார். வலச்சக்கரம் எளிதில் சுழன்றது. இடச்சக்கரம் அரைச் சுற்றுக்குள் நின்றுவிட்டது. நிறுத்திய வண்டி உருளாதிருக்கப் பயன்படும் கைப்பிரேக்கின் கேபிளை இடச்சக்கரத்திலிருந்து அவர் கழற்றினார். உடனே அதுவும் எளிதில் சுழன்றது. நோய் எங்கே என்பது புலனாயிற்று. கேபிளின் மேலுறை ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அதன் வழியே உப்பீரம் புகுந்து, உள்ளிருந்த கம்பி துருவேறிவிட்டது. கைப்பிரேக்கை இழுத்தால் கம்பி வந்தது. விட்டால் முழுதும் திரும்பிச் செல்லவில்லை. எனவே, இடப்புறக் கட்டைகள் இரவும் பகலும் தட்டைப் பற்றியவாறே இருந்தன.

இதனால் விளையும் தீங்கு பணச் செலவு மட்டும் அன்று. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இறங்கும் வளைவுச் சாலையில் பிரேக்கிற்கு ஓய்வு குறைவு. கட்டை விடாது பற்றிக்கொண்டிருந்தால், வெப்பம் தணிய வழியின்றிப் பிரேக் எண்ணெயைச் சென்று சேரும். டாட் 3 என்னும் வகையைச் சேர்ந்த எண்ணெய், புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரையிலேனும் கொதியாது நிற்றல் வேண்டும் என்பது விதி. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறியபின் 140 பாகை அளவிலேயே கொதித்தல் கூடும். கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும். எண்ணெய் அழுத்தத்திற்கு ஒடுங்காது; ஆவியோ ஒடுங்கிவிடும். அந்நிலையில் மிதி அடிவரை அமிழும், வண்டி நில்லாது. மலைச்சரிவில் குழந்தைகளுடன் அந்நிலை நேர்ந்தால் என்னாவது!

மெக்கானிக் புதிய கேபிளையும் கட்டைகளையும் பொருத்தினார், பழைய எண்ணெயை நீக்கிப் புதியதை நிரப்பினார், "மலையிலிருந்து இறங்கும்போது தாழ்ந்த கியரிலேயே வாருங்கள். எஞ்சினும் வண்டியைத் தடுக்கும், பிரேக்கிற்கு வேலை குறையும்" என்று அறிவுரையும் கூறினார். அவ்வாறே சென்று இனிது மீண்டோம். அதன்பின் 30,000 கிலோமீட்டர் ஓடியும் இடப்புறமும் வலப்புறமும் ஒத்தே தேய்ந்து வருகின்றன.

தமிழில் 'பற்று', 'விடு' என்னும் சொற்கள் எதிரெதிர்ப் பொருளில் நிற்பன. கெடு என்பது கேடு என்று நீள்வதுபோல, விடு என்பது வீடு என்று நீண்டு முதனிலை திரிந்த தொழிற்பெயர் ஆகும். அதற்கு விடுதலை என்பது பொருள். வேண்டுங்கால் பற்றுதலும் வேண்டாதபோது விடுதலும் ஆகிய இரண்டும் கூடியதே நல்ல பிரேக். அவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றொன்று பயன்படாது.

இன்னும் ஒன்று. அந்தக் கட்டை குற்றமற்றது. வேறோர் உறுப்பு விடாமையால், அது இரட்டை வேலை செய்து மெலிந்தது. அதனைக் கழற்றி எறிந்தவர், குற்றமுடைய கேபிளை அங்கேயே விட்டுவைத்தனர். ஏர்மாடுகள் இரண்டனுள் ஒன்று மட்டும் இளைத்தால், நல்ல உழவன் அதனை விற்றுவிடக் கருதான். நுகத்தடி சமமாக உள்ளதா என்று முதலில் பார்ப்பான்.

மாணவர்களே! உங்கள் இல்லத்தில் கார் இருப்பின், ஒரு சக்கரம் மட்டும் பிறவற்றினும் மிகச் சூடாக உள்ளதா, எரிந்த நாற்றம் வீசுகிறதா என்று பயணத்தின் முடிவில் கவனியுங்கள். தட்டைத் தொடாதீர்கள், கையை அருகே கொண்டுசென்றாலே வெப்பம் புலப்படும். வேறுபாடு கண்டால் பெரியோரிடம் கூறுங்கள். கார் இல்லாதோரும் மெக்கானிக் கேட்ட வினாவை மனத்திற் கொள்ளலாம். ஒரு பொருளோ ஓர் ஆளோ காலத்திற்கு முன்னே தேய்வதைக் கண்டால், 'இதனை மாற்றுவது எப்படி?' என்று கேட்குமுன், 'இது ஏன் தேய்ந்தது?' என்று கேளுங்கள்.