எதிர்ச்சாரிப் பையன்கள் பார்த்த ஐவர்

'தி வர்ஜின் சூசைட்ஸ்' படம் என்றதும் கதைக்கு முன்னால் அதன் வெளிச்சம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. சாயங்கால வெயிலில் ஊறிய மஞ்சள். 1970களின் மிச்சிகன் புறநகர்த் தெரு. எல்ம் மரங்கள் பூஞ்சை நோயில் ஒவ்வொன்றாகப் பட்டுக்கொண்டிருந்த காலம். லிஸ்பன் வீட்டில் ஐந்து சகோதரிகள். மூத்தவள் தெரேஸுக்கு 17 வயது, கடைக்குட்டி செசீலியாவுக்கு 13. ஐவரும் இறந்துபோகிறார்கள். கதையைச் சொல்வது எதிர்ச்சாரி வீட்டுப் பையன்கள்.

ஜெஃப்ரி யூஜினிடிஸின் 1993ஆம் ஆண்டு நாவலில் அந்தப் பையன்கள் எத்தனை பேர் என்றே தெரியாது. 'நாங்கள்', அவ்வளவுதான். நடுவயதாகியும் அந்தப் பெண்களின் டைரியையும் புகைப்படங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஏன் போனார்கள் என்று தேடிக்கொண்டே இருக்கிறார்கள். 1999இல் சோஃபியா கொப்போலா அதைத் தன் முதல் முழுநீளப் படமாக எடுத்தபோது, அந்தக் கூட்டுக்குரலை ஜொவானி ரிபிசி ஒருவரே பேசினார்.

படத்தில் ஒரு தொலைபேசிக் காட்சி. பெண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். பேச வாய் வராத பையன்கள் இசைத்தட்டைச் சுழலவிட்டு ரிசீவரை அதனருகே பிடிக்கிறார்கள். மறுமுனையிலிருந்து இன்னொரு தட்டு பதில் பாடுகிறது. டாட் ரண்ட்க்ரென், கரோல் கிங். சுருள்கம்பி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தப் பக்கம் மூச்சு கேட்கிறதா என்று காத்துக்கிடந்தவர்களுக்குத்தான் அந்தத் தவிப்பு தெரியும். அப்படிக் காத்திருப்பதும் அந்தக் கருவியோடு போய்விட்டது.

ஆனால் இத்தனை காலம் கழித்தும் என்னை விடாதது வேறொரு காட்சி. நடன இரவு முடிந்து, கால்பந்து மைதானத்தில் சகோதரிகளில் ஒருத்தியான லக்ஸ் தனியாகக் கண் விழிக்கிறாள். கூட வந்த ட்ரிப் போய்விட்டான். மஞ்சள் முழுவதும் வடிந்து, நீலம் பாரித்த விடியல். டாக்ஸி ஜன்னலோரம் லக்ஸாக நடித்த கர்ஸ்டன் டன்ஸ்டின் முகம். மைதானத்தில் நடந்ததைப் பின்னாளில் ட்ரிப் சொல்லிப் பையன்கள் அறிந்திருக்கலாம். டாக்ஸிக்குள் அந்த முகத்தைப் பார்க்க அவர்களில் யாரும் இல்லை. கதைசொல்லிகளைத் தெருவிலேயே விட்டுவிட்டு, கேமரா அவளோடு மட்டும் வீடு திரும்புகிறது. அங்கே லக்ஸ் யாருடைய கனவுமல்ல. குளிரில் வீடு திரும்பும் 14 வயதுச் சிறுமி.

மற்ற சகோதரிகளில் மேரியையும் பானியையும் எனக்கு இன்றும் முகம் பிரித்துச் சொல்ல வராது. பையன்கள் அவர்களைச் சேர்த்தே பார்த்தார்கள், இவர்கள் விஷயத்தில் படமும் அந்தப் பார்வையை விட்டு வரவில்லை. லக்ஸுக்குக் கிடைத்ததுபோல் ஒரு காலையை அவர்களுக்கும் தெரேஸுக்கும் கொப்போலா கொடுத்திருக்க வேண்டும்.