சங்கத்துக்குச் சந்தா கட்டின கதை

போன வாரம் ஊரிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். அவர் பேரன் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு வேலைக்கு இந்தூர் போகிறானாம். "ஏம்ப்பா, டாக்டருங்களுக்கு ஏதோ சங்கம் இருக்காமே, அதுல சேரணுமா? இல்ல சும்மா காசு புடுங்குற வேலையா?" என்று கேட்டார். "சேரச் சொல்லுங்க சித்தப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்ல ஐந்து நிமிஷம் போதாது. அதான் இங்கே கொசுவத்தி சுத்துகிறேன். பொறுத்துக்குங்க மக்களே.

நான் அகமதாபாத் வந்தது 2004-ல். தங்கமணிக்கு வங்கியில் மாற்றல், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தவன். வீடு மணிநகரில். நம்மாட்கள் நிறைய இருக்கிற இடம், இட்லி மாவுக்கும் தமிழ்ப் பேச்சுக்கும் பஞ்சமில்லை. கிளினிக் போட்டது வட்வா தொழிற்பேட்டைப் பக்கம். நாலு கட்டில், ஒரு ஈசிஜி மெஷின், ஒரு நர்ஸ். எனக்குத் தெரிந்த குஜராத்தி "கேம் சோ", "மஜாமா" இரண்டோடு சரி.

முதலில் ஒன்று. நிறைய பேர் மெடிக்கல் கவுன்சிலையும் மெடிக்கல் அசோசியேஷனையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கவுன்சில் என்பது சட்டப்படி அமைந்தது. பதிவு எண் கொடுப்பதும் அதுதான், தப்புப் பண்ணினால் பிடுங்குவதும் அதுதான். அசோசியேஷன், அதாவது ஐ.எம்.ஏ., டாக்டர்களே சேர்ந்து வைத்திருப்பது. இஷ்டம் இருந்தால் சேரலாம். வெள்ளைக்காரர்களின் பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷன் கிளைகள் இங்கே இருந்த காலத்தில், நமக்கென்று ஒன்று வேண்டும் என்று 1928-ல் கல்கத்தாவில் கூடி ஆரம்பித்தார்கள். ஊருக்கு ஊர் கிளை, அதற்கு மேல் மாநிலக் கிளை, தலைமை டெல்லியில்.

நானும் சேர்ந்தேன். பக்கத்து கிளினிக் டாக்டர் ஃபாரத்தைக் கையில் திணித்ததால் சேர்ந்தேன், அவ்வளவுதான். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போவேன். யாராவது பெரிய டாக்டர் சர்க்கரை வியாதி பற்றி வகுப்பு எடுப்பார், பிறகு டோக்ளா, சாய், போட்டோ. ஜூலை 1-ந் தேதி பி.சி.ராய் பிறந்த நாள், அதாவது டாக்டர்கள் தினம் என்றால் சால்வை. "இதுக்கா காசு கட்டினோம்" என்று தங்கமணியிடம் புலம்பியிருக்கிறேன்.

நிற்க. 2006 டிசம்பர். ராத்திரி எட்டரை இருக்கும். ஐம்பத்தெட்டு வயசுக்காரர் ஒருவர், நெஞ்சு எரிச்சல் என்று மகனோடு வந்தார். ஈசிஜி எடுத்தேன், சரியாகத்தான் இருந்தது. ஆனால் முதல் ஈசிஜி சரியாக இருப்பதை மட்டும் வைத்து மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேர்த்திருந்தது வேறு எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பிரின் கொடுத்து, "உடனே பெரிய ஆஸ்பத்திரி போங்க" என்று என் அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். மகன், "அண்ணன் வந்துடட்டும், காசு எடுத்துட்டு வர்றார்" என்றார். 108 வண்டியெல்லாம் அப்போது குஜராத்தில் வரவில்லை, அதெல்லாம் 2007-ல்தான். நான் அடுத்த பேஷண்டைப் பார்க்கப் போனேன். இருபது நிமிஷத்தில் கட்டிலிலேயே சரிந்துவிட்டார். நெஞ்சை அழுத்தி அழுத்தி என் கைதான் ஓய்ந்தது. அவர் வரவில்லை.

அப்புறம் என்ன, பத்து மணிக்குள் வாசலில் ஐம்பது அறுபது பேர். கண்ணாடி போனது. நர்ஸ் அழுகிறாள். நான் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேஸ் ஷீட்டைப் பார்க்கிறேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதை நான் எழுதவே இல்லை! சொன்னது சத்தியம், எழுதவில்லை. பேனாவைத் திறந்துவிட்டேன். "8.40, மேல்சிகிச்சைக்குப் போகச் சொன்னேன், உறவினர் மறுத்தனர்". ஒரே வரிதான். ஈசிஜி குறிப்புக்குக் கீழே இடமும் இருந்தது.

அந்த நேரத்தில்தான் சங்கச் செயலாளர் பின்வாசல் வழியாக வந்தார். பக்கத்து கிளினிக் டாக்டர் போன் பண்ணியிருக்கிறார். அறுபதை நெருங்கிய குழந்தை டாக்டர், கூட இன்னும் மூன்று பேர். எல்லாரும் சாஹேப் என்றுதான் கூப்பிடுவோம். என் கையில் இருந்த பேனாவைப் பார்த்தார். "என்ன எழுதப் போறே?" சொன்னேன். பேனாவை வாங்கி மூடினார்.

"நீ சொன்னது நிஜமா இருக்கலாம். ஆனா எட்டு நாப்பதுன்னு இப்ப எழுதினா அது பொய். எழுதணும்னா, எல்லாத்துக்கும் கீழே, இப்ப மணி என்னவோ அதைப் போட்டு, ராத்திரி பத்து பத்துக்கு ஞாபகத்திலேர்ந்து எழுதறேன்னு எழுது. மறுத்தாங்கன்னு எழுதாதே. மறுத்தாங்களா? அண்ணன் வரட்டும்னுதானே சொன்னாங்க? அதையே எழுது."

எழுதினேன். கை நடுங்கிக் கோழி கிறுக்கினது மாதிரி இருந்தது.

அவர் வெளியே போய் அந்தக் கும்பல் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யார் மேல் தப்பு என்று பேசவே இல்லை. செத்தவர் பேர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று அவர்கள் பாஷையில் விசாரித்துக்கொண்டிருந்தார். மொழி தெரியாத நான் செய்ய முடியாத காரியம் அது. இன்ஸ்பெக்டர் வந்ததும் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து நீட்டினார். 2005-ல் சுப்ரீம் கோர்ட் ஜேக்கப் மாத்யூ வழக்கில் கொடுத்த தீர்ப்பு. இன்னொரு டாக்டரின் பாரபட்சமில்லாத கருத்தைக் கேட்காமல், புகார் வந்தது என்பதற்காக மட்டும் டாக்டரைக் கைது செய்யக் கூடாது என்று சொன்ன தீர்ப்பு. அந்த ஜெராக்ஸ் எப்போதும் அவர் பையில் இருக்குமாம். வீடு வந்து சேர ராத்திரி ரெண்டு மணி. தங்கமணி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் சாஹேப் போன் பண்ணி, "அவங்க கேக்கறதுக்கு முன்னாடி கேஸ் ஷீட் காப்பி கொடுத்துடு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "2002 விதி என்ன சொல்லுது? கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். அதுவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?" கொடுத்தேன்.

பதினைந்து இருபது நாள் கழித்து மூத்த மகன் வந்தார். காப்பியை வேறொரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். "உங்க மேல இருக்கற கோபம் போகல. ஆனா பேப்பரை மாத்தலன்னு தெரிஞ்சுது" என்றார். கேஸ் போடவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அடுத்த பேஷண்டைப் பார்க்கப் போகாமல், நானே ஒரு ஆட்டோவைப் பிடித்து அவரை ஏற்றியிருக்கலாம். அது என்னோடேயே இருக்கிறது.

கேஸ் போட்டிருந்தால்? காசு கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதை எதிர்த்து வழக்காடித் தோற்றதே எங்கள் சங்கம்தான்! வருஷச் சந்தா கட்டினால், வழக்கு வந்தால் வக்கீல் வைத்துக் கொடுக்கிற திட்டமும் சங்கத்தில் இருக்கிறது. மறு வாரமே சேர்ந்தேன். குடும்ப உதவித் திட்டத்திலும் சேர்ந்தேன். அது நம்ம ஊர் மொய் மாதிரி. திட்டத்தில் இருக்கும் ஒரு டாக்டர் இறந்தால், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு சின்னத் தொகை போடுவார்கள். மொத்தமாகச் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போகும். வருஷா வருஷம் கடிதம் வரும், இறந்தவர்கள் பெயர்ப் பட்டியலோடு. முகம் தெரியாத பெயர்கள். செக் எழுதிப் போட்டுவிட்டு மறந்துவிடுவேன்.

சங்கம் புனிதப் பசு என்று சொல்ல வரவில்லை. பழச்சாறுக்கும் ஓட்ஸுக்கும் முத்திரை கொடுத்து 2008-ல் வாங்கிக் கட்டிக்கொண்டது இதே சங்கம்தான். கூட்டத்தில் நாற்காலிச் சண்டையும் உண்டு. "நம்ம ஆளு" என்று தப்பை மூடி மறைக்கிற டாக்டர்களும் உண்டு. அன்றைக்கு அப்படி ஒருத்தர் வந்திருந்தால், அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். நானும் எழுதியிருப்பேன். என்னைக் காப்பாற்ற வந்த மனுஷர், முதலில் என் பேனாவைத்தான் மூடினார்.

2021 ஏப்ரல், கொரோனா இரண்டாவது அலை. வயசைச் சொல்லி எல்லாரும் தடுத்தும் கேட்காமல் சாஹேப் கிளினிக்கைத் திறந்து வைத்திருந்தார். மே மாதம் போய்விட்டார். மயானத்துக்குக்கூட எங்களால் போக முடியவில்லை.

அந்த வருஷக் கடிதம் வந்தபோது பட்டியல் வழக்கத்தைவிட நீளம். அவர் பெயர் நடுவில் இருந்தது, மற்ற பெயர்களைப் போலவே, வரிசை எண்ணோடு. தங்கமணிதான் செக் புத்தகத்தை எடுத்து வந்தாள். "அதே தொகைதானா?" என்று கேட்டாள். ஆமாம், எல்லாருக்கும் அதே தொகைதான். எழுதி முடித்துப் பேனாவை மூடினேன்.

சித்தப்பா, பேரனைச் சேரச் சொல்லுங்க. இந்தூர் போன முதல் மாசமே சேரச் சொல்லுங்க. அப்படியே, பேஷண்டிடம் சொன்னதை அந்த நிமிஷமே எழுதி வைக்கவும் சொல்லுங்க.