காரைக்குடியில் கதவு வாங்கலாம்!

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நுழைந்தால் முதலில் வரவேற்பது கதவுகள்தான். சுவரோரமாகச் சாத்தி வைத்திருக்கிறார்கள். வீடு இல்லாத கதவுகள். ஒன்றைத் தள்ளிப் பார்த்தேன். பின்னால் கடைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பழைய சாமான் என்றதும் உங்களுக்குப் பேரீச்சம்பழ வண்டி ஞாபகம் வந்தால், இந்தத் தெருவுக்கு நீங்கள் வந்ததில்லை என்று அர்த்தம். பர்மா தேக்கு நிலைகள், ஆள் ஒளிந்துகொள்ளலாம் போல ஒரு பெட்டகம், தொட்டில், ஊஞ்சல் பலகை, பல்லாங்குழி, கால் உடைந்த மரக்குதிரை... எல்லாம் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்தவை. எழும்பூரில் மதியம் பல்லவன் ஏறினால் ராத்திரி காரைக்குடி. மறுநாள் காலை இங்கே வந்துவிடுங்கள். பர்ஸைப் பத்திரமாக உள் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வாருங்கள். திருடன் பயம் இல்லை ஸார், ஆசை பயம்!

நான் நின்றது ஒரு நிலையின் முன்னால். மேல் பலகையில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானைகள். கீழே கொடி, கொடியில் பூ, பூவைக் கொத்தும் கிளிகள். இடது பக்கத்துக் கிளி நன்றாகக் கொழுத்திருந்தது. வலது பக்கத்துக் கிளிக்குச் சாப்பாடு போதவில்லை போலிருக்கிறது.

"அதான் தம்பி அடையாளம்! மிஷின்ல கொத்தினா ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்கும். இது உளி. காலைல ஒரு கிளி, சாப்பிட்டு வந்து ஒரு கிளி" என்றார் கடைக்காரர்.

பழசா, பழசு வேஷம் போட்ட புதுசா என்று கண்டுபிடிக்க அவரே வழியும் சொல்லிக்கொடுத்தார். முன்பக்கத்தைப் பார்க்காதே, பின்பக்கத்தைத் திருப்பு. கையால் இழைத்த பலகையில் விரலை ஓட்டினால் மேடு பள்ளம் தட்டுப்படும். வட்ட ரம்பம் அறுத்த பலகையில் வளைவு வளைவாகக் கோடு விழுந்திருக்கும். மூட்டில் மர ஆணி இருக்கிறதா, ஸ்க்ரூ பளபளக்கிறதா என்று பார். கை பட்டுப் பட்டு வழுவழுப்பாவது கை படுகிற இடத்தில் மட்டும்தான். எட்டாத உச்சியிலும் அதே வழுவழுப்பு இருந்தால் எமரி பேப்பர் வேலை! (இதையெல்லாம் வியாபாரியே சொல்வது அவருடைய வியாபாரத் தந்திரமாகவும் இருக்கலாம்.)

விலை கேட்டேன். சொன்னார். அந்தத் தொகையில் எங்கள் ஃபிளாட்டுக்கு ஒரு வருஷ வாடகை கொடுக்கலாம். தவிர, நிலையின் உயரத்துக்கு மாடி வீட்டுக்காரர் தரையில் ஓட்டை போட வேண்டும்.

"கவலைப்படாதீங்க. ரெண்டா அறுத்து, மேல கண்ணாடி போட்டு டீபாய் பண்ணித் தர்றோம். மெட்ராஸ்ல அதான் இப்ப போகுது."

கஜலட்சுமி தலையில் காபி டம்ளரா!

இந்தத் தேக்கு வந்த கதை பெரிசு. நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா என்று 'கொண்டுவிக்க'ப் போனார்கள். லேவாதேவியில் சம்பாதித்ததைத் தெருவுக்குத் தெரு நீளும் வீடுகளாகக் கட்டினார்கள். 1930-களில் நெல் விலை விழுந்தது. கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளிடமிருந்து, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. பர்மாக்காரன் பக்கமிருந்து பார்த்தால் இந்த மரத்தில் கொஞ்சம் கண்ணீரும் கலந்திருக்கிறது. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு. 1948-ல் நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம். 1962-ல் ராணுவ ஆட்சி. போன பணம் போனதுதான். வீடு மட்டும் மிச்சம்.

அந்த வீடுகளில் ஒன்றைப் பார்க்க கானாடுகாத்தான் பக்கம் போனேன். தாத்தா கட்டியது. பங்காளிகள் பெருகிவிட்டார்கள். ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் அமெரிக்கா. எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் ஓடு மாற்ற முடியும். ஓடு மாறவில்லை, மழை உள்ளே வந்துவிட்டது. இரண்டாங்கட்டு வாசலில் நிலை இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நிலையை நிறுத்திட்டுத்தானே தம்பி சுவரை எழுப்புறோம்? எடுக்கணும்னா சுவரை இடிக்காம முடியாது" என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். நாள் பார்த்து, மஞ்சள் பூசி, பூஜை போட்டு நிறுத்திய நிலை. பேச்சை மாற்றி, "ஆச்சி இருந்தவரைக்கும் வெள்ளிக்கிழமை இந்த வாசல்ல விளக்கு எரியும்" என்றார்.

கடைக்காரரைத் திட்டவும் மனசு வரவில்லை. அவர் வாங்காவிட்டால் கரையான் வாங்கிக்கொள்ளும். முட்டுக்காடு தட்சிணசித்ராவில், 1996-லிருந்து, இடிபட இருந்த ஒரு செட்டிநாட்டு வீட்டின் மரவேலைகளைக் கொண்டுவந்து மறுபடி வீடாகவே நிறுத்திக் காட்டுகிறார்கள். கப்பலேற்றவும் முடியாது. கட்டடத்திலிருந்து பெயர்த்தது, நூறு வயசு தாண்டியது என்றால் தனி ஆள் ஏற்றுமதி செய்ய 1972-ம் வருஷச் சட்டம் விடாது. அதே சாமான் உள்ளூரில் டீபாய் ஆகலாம், அதற்குத் தடை இல்லை!

திரும்பி வந்து கடையில் வேறொன்று கேட்டேன். மூலையில் கிடந்த கணக்குப்பிள்ளை மேஜை. முழங்கால் உயரம், சாய்வான மூடி, முன்பக்கம் மட்டும் ஒரு சின்னக் கொடிச் செதுக்கல். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுவதற்கு. ரங்கூன் கிட்டங்கிகளில் ஆபீஸ் என்பதே இப்படித்தான். ஒரு கடைக்கு இத்தனை அடி தரை, ஒரு பெட்டி. மேலாள், அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊர் திரும்பலாம். கேஷுவல் லீவ், மெடிக்கல் லீவ் பேச்சே கிடையாது!

பேரம் முடிந்து, மேஜையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். வீட்டில் வைத்துத் தூசி தட்டியபோது மூடியின் உள்பக்கம் பென்சிலில் நாலு வரிக் கூட்டல் கணக்கு. பக்கத்தில் பேர் இல்லை, ஊர் இல்லை.

கூட்டிப் பார்த்தேன். விடை சரி.