எந்தக் காலண்டரில் போட்டாய்?

கம்ப்யூட்டரில் ஒரு தேதியைக் குறித்து வைத்துவிட்டால் காரியம் பாதி முடிந்த மாதிரி என்று நினைக்கிறவரா நீங்கள்? அப்படியானால் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். நானும் போன வருஷம் வரையில் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

அம்மா திருச்சியில் தங்கை வீட்டில் இருக்கிறாள். நான் சென்னையில், தம்பி கோயம்புத்தூரில். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது, "சர்வரில் மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு காலண்டர் வைத்துக் கொள்வோம். டாக்டர் தேதி, மருந்து வாங்குகிற வேலை எல்லாம் அதில் இருக்கட்டும்" என்று தம்பி ஏற்பாடு செய்தான்.

நான் ஈமெயில் பார்ப்பது தண்டர்பேர்டில். அதன் காலண்டர் பக்கத்தைத் திறந்தேன். 'ஹோம்' என்று ஒன்று தயாராக இருந்தது. ஹோம் என்றால் வீடு. வீடு என்றால் நம் குடும்பம்! வேறென்ன வேண்டும்? ஆஸ்பத்திரியில் சொன்ன தேதியை அதில் போட்டேன். அம்மாவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நாளும் வந்தது. தங்கை வழக்கம்போல் ஆபீசுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் திரும்பி வந்தால், அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியுடன், மருந்துச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாளாம்.

"ஒரு போன் செய்யக் கூடாதா, அம்மா?"

"பெரியவன் கம்ப்யூட்டரில் போட்டிருப்பதாகச் சொன்னானே! நீ பார்த்துவிட்டு எப்படியும் வந்துவிடுவாய் என்று இருந்தேன்."

இதைத் தங்கை என்னிடம் சொன்னபோது எனக்குப் பேச நா எழவில்லை.

தங்கை மகன்தான் விஷயத்தை விளக்கினான். "மாமா, 'ஹோம்' உங்கள் கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கிற டைரி. வேறு யார் கண்ணுக்கும் படாது."

"ஈமெயில் மட்டும் என் போனிலும் தெரிகிறதே?"

"அது ஐமேப் வழியாக வருகிறது. காலண்டருக்கு வழி வேறு. கால்டாவ் என்று பெயர். 2007-லேயே அதற்கு விதிகள் வகுத்துவிட்டார்கள்."

அவன் போனில் சொல்லச் சொல்லச் செய்தேன். புதிய காலண்டர் என்பதைத் தட்டி, 'ஆன் தி நெட்வொர்க்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பயனர் பெயரையும் சர்வர் விலாசத்தையும் கொடுத்தேன். பாஸ்வேர்டு கேட்டது, அதையும் கொடுத்தேன். என்ன ஆச்சரியம்! பொதுக் காலண்டர் பட்டியலில் வந்து நின்றது. அதைத் தேர்ந்தெடுத்ததும் தம்பியும் தங்கையும் எழுதியிருந்ததெல்லாம் என் எதிரே விரிந்தது. 'சொட்டு மருந்து வாங்க வேண்டும்' என்ற வேலையும் கூடவே வந்தது. ஒருவர் அதை முடித்து டிக் செய்தால் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும். உடனே அல்ல, தண்டர்பேர்ட் சாதாரணமாக 30 நிமிஷத்துக்கு ஒரு முறைதான் சர்வரைப் போய்ப் பார்க்கும். அவசரமென்றால் நாமே புதுப்பிக்கச் சொல்லலாம்.

நீங்களும் இணைக்கப் போகிறீர்களானால் இரண்டு விஷயங்களை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். யாராவது ஐசிஎஸ் இணைப்பு ஒன்றை மட்டும் அனுப்பினால், பொதுவாக அது பார்ப்பதற்குத்தான். அதில் நீங்கள் எழுத முடியாது. இரண்டாவது, புதிதாக ஒன்றைக் குறிக்கும்போதெல்லாம் எந்தக் காலண்டரில் சேருகிறது என்று மேலே ஒரு முறை பார்த்துவிடுங்கள். நான் கோட்டை விட்டது அங்கேதான்.

அடுத்த வாரம் தங்கை அம்மாவை அழைத்துப் போனாள். நல்லவேளை, கண்ணுக்கு ஒன்றுமில்லை. இப்போது ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் அதைச் செய்கிறவர் பெயரையும் எழுதுகிறோம். மூன்று கம்ப்யூட்டருக்குத் தேதி தெரிந்திருந்தாலும் அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப் போக ஒரு ஆள் வேண்டுமல்லவா?

அம்மாவும் உஷாராகிவிட்டாள். தேதி சொல்ல நான் போன் செய்தால் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: "எந்தக் காலண்டரில் போட்டாய், ஹோமிலா, பொதுவிலா?"